பிரேக்கைக் கண்டுபிடித்தவர்: ஜிம் ஆலிசனும் கேன்சரும்

போன எபிசோடுக்குக் கீழ நிறைய பேர் கேட்டிருந்த கேள்வி இது: "இம்யூனோதெரபின்னு சொல்றாங்களே, அது கீமோ மாதிரி இன்னொரு மருந்தா, இல்ல வேற விஷயமா?" வேற விஷயம்தான். எவ்வளவு வேற என்பதற்கு ஒரு ஆளோட கதையைச் சொன்னாலே போதும். அவர் பெயர் ஜேம்ஸ் ஆலிசன். எல்லாரும் ஜிம்னு கூப்பிடுவாங்க. 2018-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். நான் படிச்சது இன்ஜினியரிங், டாக்டர் இல்ல. அதனால இதை மருத்துவ ஆலோசனையா எடுத்துக்காதீங்க, ஒரு வரலாறா கேளுங்க.

ஆலிசன் கதைக்கு முன்னாடி நூறு வருஷம் பின்னாடி போகணும்.

1890-இல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்று ஒரு இளம் சர்ஜன் இருந்தார். அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு இளம்பெண்ணுக்குக் கையில் எலும்புப் புற்றுநோய். கையையே வெட்டி எடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. சில மாதங்களில் இறந்துவிட்டாள். கோலிக்கு மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரியின் பழைய ரெக்கார்டுகளைப் புரட்ட ஆரம்பித்தார். அதில் ஒரு விசித்திரமான கேஸ் கிடைத்தது. கழுத்தில் கட்டியோடு இருந்த ஒரு ஜெர்மன் குடியேறிக்கு, ஆபரேஷன் செய்தும் கட்டி திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் புண்ணில் கடுமையான பாக்டீரியா தொற்று வந்து, காய்ச்சலில் கிடந்தார். காய்ச்சல் விட்டபோது கட்டியையும் காணோம்! கோலி அந்த ஆளை நியூயார்க் சந்துகளில் தேடிப் போனார். ஆள் உயிரோடு, நல்லபடியா இருந்தார்.

உடனே கோலி என்ன செய்தார் தெரியுமா? 1891-இல் இருந்து நோயாளிகளுக்கு வேண்டுமென்றே பாக்டீரியாவை ஊசி போட ஆரம்பித்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது. சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலர் தொற்றிலேயே செத்துப்போனார்கள். யாருக்கு வேலை செய்யும், ஏன் வேலை செய்கிறது என்று அவராலும் சொல்ல முடியவில்லை, யாராலும் சொல்ல முடியவில்லை. அதே காலத்தில் எக்ஸ்ரே வந்தது, கதிர்வீச்சு சிகிச்சை வந்தது, பிறகு கீமோ வந்தது. கோலியின் வழி மெல்ல மூலைக்குப் போய்விட்டது.

நம்ம பாஷையில சொன்னா, கோலி கையில் இருந்தது எப்போதாவது ஓடுற ஒரு கோட். ஏன் ஓடுதுன்னு தெரியாது, டாக்குமென்டேஷன் கிடையாது. அப்படி ஒண்ணை யாரும் புரொடக்‌ஷன்ல போட மாட்டாங்க. ஆனா அது சில தடவை உண்மையாவே ஓடிச்சு என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போ டெக்சாஸ் போகலாம்.

ஜிம் ஆலிசன் 1948-இல் டெக்சாஸின் தெற்கே ஆலிஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ஊர் டாக்டர். ஜிம் சின்னப் பையனாக இருக்கும்போதே அம்மா லிம்ஃபோமா என்ற புற்றுநோயில் இறந்துபோனார். அம்மாவோட அண்ணன் தம்பிகள் இரண்டு பேர், ஒருவர் நுரையீரல் கேன்சரிலும் இன்னொருவர் மெலனோமாவிலும் போனார்கள். மெலனோமா என்பது தோலில் நிறம் கொடுக்கும் செல்களில் ஆரம்பிக்கும் கேன்சர். பின்னாளில் 2005-இல் ஜிம்மின் அண்ணனும் புராஸ்டேட் கேன்சரில் இறந்தார். ஒரே குடும்பத்தில் இத்தனை சாவு.

ஆனாலும் இவர் "கேன்சரை ஒழிக்கிறேன்" என்று சபதம் போட்டுக் கிளம்பவில்லை. இவரை இழுத்தது டி-செல். நம்ம ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிற ஒரு வகை வெள்ளை அணு. வைரஸ் புகுந்த செல்லைக் கண்டுபிடித்துக் கொல்லும், ஆனால் நல்ல செல்லைத் தொடாது. எப்படி வித்தியாசம் தெரிகிறது? அந்தக் கேள்விதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

ஆள் கொஞ்சம் பிடிவாதக்காரர். பள்ளியில் உயிரியல் பாடத்தில் பரிணாமத்தைச் சொல்லித்தர மாட்டோம் என்றபோது, அந்த வகுப்புக்கே போக மாட்டேன் என்றார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தபால் வழிப் பாடத்தில் உயிரியலைப் படித்தார். அதே பல்கலைக்கழகத்தில் 1973-இல் பிஎச்.டி. முடித்தார். ஹார்மோனிகா வாசிப்பார். பிற்பாடு விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு பேண்டே ஆரம்பித்தார்கள், பெயர் "தி செக்பாயின்ட்ஸ்". அந்தப் பெயர் ஏன் என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் புரியும்.

இப்போ ஒரு ஸ்கூட்டரைக் கற்பனை பண்ணிக்கோங்க.

முதல்ல சாவி போடணும். டி-செல்லின் மேல்பரப்பில் ஒரு ரிசெப்டர் இருக்கிறது. அது தன் எதிரியைத் தொட்டு அடையாளம் கண்டால் சாவி திரும்பியது என்று அர்த்தம். அந்த ரிசெப்டர் என்ன புரதம் என்பதை அடையாளம் கண்டவர்களில் ஆலிசனும் ஒருவர், 1982-இல். ஆனால் சாவி போட்டால் மட்டும் வண்டி நகராது. ஆக்சிலரேட்டரும் முறுக்கணும். அது சி.டி.28 என்ற இன்னொரு புரதம். இரண்டு சிக்னலும் சேர்ந்து வந்தால்தான் டி-செல் பெருகும், சண்டைக்குப் போகும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆலிசனின் லேப் இதைத் தெளிவாக நிறுவியது.

மூன்றாவதாக ஒரு புரதம் இருந்தது. 1987-இல் பிரான்சில் கண்டுபிடித்திருந்தார்கள். பெயர் சி.டி.எல்.ஏ-4. பார்க்க சி.டி.28 மாதிரியே இருக்கும். அதனால் இதுவும் இன்னொரு ஆக்சிலரேட்டர்தான் என்று சில ஆய்வாளர்கள் நினைத்தார்கள். நினைத்ததில் தப்பில்லை. ஒரே மாதிரி உருவம், ஒரே இடத்தில் போய் ஒட்டுகிறது. நாமளா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்போம்.

ஆலிசனின் லேபில் இருந்த மேக்ஸ் க்ரம்மல் என்ற மாணவர் சி.டி.எல்.ஏ-4-இல் ஒட்டும் ஒரு ஆன்டிபாடியைத் தயாரித்தார். பரிசோதித்துப் பார்த்தால், எல்லாம் தலைகீழ். சி.டி.எல்.ஏ-4 டி-செல்லை உசுப்பவில்லை, நிறுத்துகிறது! அது ஆக்சிலரேட்டர் இல்லை, பிரேக். அதே நேரத்தில் தனியாக வேலை செய்துகொண்டிருந்த ஜெஃப்ரி புளூஸ்டோன் என்ற விஞ்ஞானியின் குழுவும் இதே முடிவுக்கு வந்தது.

இந்த பிரேக் முதல்லயே வெளியில தெரியாது. டி-செல் சூடாகி வேலை ஆரம்பித்த பிறகுதான் மேல்பரப்புக்கு வரும். வந்து, ஆக்சிலரேட்டர் ஒட்டவேண்டிய அதே இடத்தில் அதைவிட இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், வண்டி மெதுவாகிவிடும்.

ஏன் இப்படி ஒரு பிரேக்? 1995-இல் இரண்டு குழுக்கள் சி.டி.எல்.ஏ-4 ஜீனே இல்லாத எலிகளை உருவாக்கின. அந்த எலிகள் பிறந்து மூன்று, நான்கு வாரத்தில் செத்துப்போயின. கிருமியால் இல்லை. அவற்றின் டி-செல்களே கட்டுப்பாடில்லாமல் பெருகி, சொந்த உறுப்புகளுக்குள் புகுந்து அழித்துவிட்டன.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துறேன். நம்ம ஊர்ல கசாயத்துல இருந்து சாக்லேட் வரைக்கும் எல்லாத்துலயும் "இம்யூனிட்டி பூஸ்டர்"னு எழுதி விக்கிறாங்க இல்லையா? எதிர்ப்பு சக்தி என்பது எவ்வளவு ஏத்துறோமோ அவ்வளவு நல்லது என்கிற வால்யூம் பட்டன் கிடையாது. பிரேக் இல்லாமல் முழு வேகத்தில் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த எலிகள் சாட்சி. முடக்குவாதம் மாதிரியான நோய்களில் நம் எதிர்ப்பு மண்டலம் நம்மையேதான் தாக்குகிறது. அதற்கு 2005-இல் வந்த அபாடாசெப்ட் என்ற மருந்து இதே சி.டி.எல்.ஏ-4-இன் ஒரு பகுதியை வைத்துச் செய்தது. அதாவது, பிரேக்கை அழுத்துற மருந்து.

பிரேக்கை அழுத்தி நோயைக் குணப்படுத்தலாம் என்று பல பேர் யோசித்த நேரத்தில், ஆலிசன் எதிர்ப்பக்கம் யோசித்தார். பிரேக்கை விட்டுவிட்டால்? கேன்சர் கட்டியைப் பார்த்தும் டி-செல்கள் சும்மா நிற்பது எதிரியைத் தெரியாததால் இல்லாமல், பிரேக் அழுந்தி இருப்பதாலோ?

1994 கடைசியில் அவர் லேபில் இருந்த டேனா லீச் என்ற ஆய்வாளர், கட்டி வளரும் எலிகளுக்கு சி.டி.எல்.ஏ-4-ஐ மறைக்கும் ஆன்டிபாடியைப் போட்டார். கட்டிகள் மறைந்தன. ஆலிசனுக்கே நம்ப முடியவில்லை. உடனே திரும்பச் செய் என்றார். லீச் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போகத் திட்டமிட்டிருந்தார். சரி, நீ ஊசியைப் போட்டுவிட்டுப் போ, எந்தக் கூண்டுக்கு எது போட்டாய் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே என்று சொல்லி, ஆலிசனே தினமும் போய்க் கட்டிகளை அளந்தார். முதலில் எல்லாக் கட்டியும் வளர்ந்துகொண்டே போனது. போச்சுடா என்று நினைத்தார். பிறகு சில கூண்டுகளில் வளர்ச்சி நின்றது. சுருங்கியது. காணாமல் போனது. மருந்து போட்ட எலிகள் அவை. குணமான எலிகளுக்கு மறுபடி அதே கேன்சர் செல்லைச் செலுத்தியபோது கட்டி வரவே இல்லை. டி-செல்கள் ஞாபகம் வைத்திருந்தன! 1996-இல் "சயின்ஸ்" இதழில் இது வெளியானது.

முதலில் வளர்ந்து, பிறகுதான் சுருங்கியது. இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி இது பெரிய பிரச்சினையா வருது.

இவ்வளவு தெளிவான ரிசல்ட் இருக்கு, மருந்துக் கம்பெனிகள் வரிசையில நின்றிருக்கும்னு நினைப்போம். இல்லை. ஆலிசன் பல கம்பெனி படி ஏறி இறங்கினார். யாரும் தொடவில்லை. காரணமும் இருந்தது. எதிர்ப்பு மண்டலத்தை வைத்துக் கேன்சரைக் குணப்படுத்துகிறோம் என்று அதற்கு முன்பே பலர் சொல்லி ஏமாற்றம்தான் மிஞ்சியிருந்தது. 1980-இல் இன்டர்ஃபெரான் என்ற மருந்து "டைம்" பத்திரிகையின் அட்டைப்படத்திலேயே வந்தது, எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. எலிக்குக் கேன்சர் குணமாவது தினம் நடக்கிறது, மனுஷனுக்கு ஆகுமா என்று கேட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், இந்தத் துறை முழுக்க வறண்டு கிடக்கவும் இல்லை. நம்ம தோள்ல ஒரு தழும்பு இருக்குமே, பிறந்ததும் போடுற பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசி. அதே பி.சி.ஜி.யை மூத்திரப்பைக்குள் செலுத்தி அங்கே வரும் ஆரம்பகட்டக் கேன்சருக்கு இன்றும் சிகிச்சை தருகிறார்கள். கோலியின் எண்ணம் அந்த ஒரு மூலையில் உயிரோடு இருந்தது.

கடைசியில் மெடாரெக்ஸ் என்ற சின்ன கம்பெனி ஒத்துக்கொண்டது. மனித ஆன்டிபாடியைத் தயாரிக்கும் எலிகள் அவர்களிடம் இருந்தன. அப்படி வந்த மருந்துதான் இப்பிலிமுமாப். ஆலிசன் 2004-இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் கேன்சர் மையத்துக்கே மாறினார், மருந்து நோயாளியைப் போய்ச் சேரும்வரை பக்கத்தில் இருக்கவேண்டும் என்று.

இப்போ அந்தப் பிரச்சினை. பரவிய மெலனோமாவுக்கு அப்போது உருப்படியான மருந்தே கிடையாது. பாதிப் பேர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுவார்கள். கீமோவைச் சோதிக்க ஒரு வழக்கமான முறை இருந்தது. சில வாரம் மருந்து கொடு, ஸ்கேன் எடு, கட்டி சுருங்கினால் வெற்றி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்தால் தோல்வி. கீமோ நேரடியாகச் செல்லைக் கொல்லும் விஷம், அதற்கு இந்த அளவுகோல் சரி. ஆனால் இப்பிலிமுமாப் கட்டியைத் தொடுவதே இல்லை. அது டி-செல்லைத்தான் தொடுகிறது. டி-செல்கள் பெருகி, கட்டிக்குள் புகுந்து, வேலையை முடிக்க மாதங்கள் ஆகலாம். டி-செல்கள் உள்ளே குவிவதாலேயே ஸ்கேனில் கட்டி பெரிதாகக்கூடத் தெரியலாம். அந்த எலிகளுக்கு நடந்த மாதிரியே! ஸ்கேன் "தோல்வி" என்று சொன்ன சில நோயாளிகள், மாதங்கள் கழித்து நன்றாக நடமாடுவதை டாக்டர்கள் பார்த்தார்கள்.

நாம வேலை செய்யுற இடத்துல இதை அடிக்கடி பாக்குறோம். டேஷ்போர்டு சிவப்புல இருக்கும், ஆனா யூசருக்கு எல்லாம் சரியா வேலை செய்யும். இல்லனா அப்படியே தலைகீழா. தப்பான மெட்ரிக்கை வெச்சுக்கிட்டு நல்ல ஃபீச்சரைத் தூக்கிடுவோம். வித்தியாசம் என்னன்னா, இங்க தூக்கியிருந்தா போயிருக்கிறது உயிர்.

2008-இல் கிட்டத்தட்ட அப்படி ஆகவும் பார்த்தது. ஃபைசர் கம்பெனியிடம் இதே சி.டி.எல்.ஏ-4-ஐ மறைக்கும் டிரெமெலிமுமாப் என்ற மருந்து இருந்தது. மெலனோமாவில் மூன்றாம் கட்டச் சோதனையின் இடைக்காலக் கணக்கில் கீமோவைவிட மேல் என்று தெரியவில்லை, நிறுத்திவிட்டார்கள். இப்பிலிமுமாப்பின் சோதனையை நடத்தியவர்களோ, கட்டி சுருங்குகிறதா என்பதை விட்டுவிட்டு, நோயாளி எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார் என்பதையே முக்கிய அளவுகோலாக மாற்றினார்கள். ரிசல்ட்டைப் பிரித்துப் பார்க்கும் முன்பே செய்த மாற்றம் இது. இதற்கு விலை, கூடுதலாக வருடக்கணக்கில் காத்திருப்பது.

2010-இல் விடை வந்தது. 676 நோயாளிகள். ஒப்பீட்டுக்காக வேறு ஒரு தடுப்பூசி மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 6.4 மாதம் வாழ்ந்தார்கள். இப்பிலிமுமாப்பும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 10 மாதம். பரவிய மெலனோமாவில் ஆயுளை நீட்டிக் காட்டிய முதல் மருந்து. 2011 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது.

நாலு மாசம்தானே, இதுக்கா இவ்வளவு? எண்ணை மட்டும் பாத்தப்போ எனக்கும் அதே கேள்விதான். பதில் கிராஃபில் இருக்கிறது. வழக்கமாக இப்படிப்பட்ட கேன்சரில் உயிரோடு இருப்பவர்களின் கோடு இறங்கி இறங்கிப் பூஜ்யத்தை நோக்கிப் போகும். பிறகு 1,861 நோயாளிகளின் விவரத்தை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, இந்தக் கோடு சுமார் மூன்று வருடத்தில் கிட்டத்தட்ட 21 சதவீதத்தில் படுத்துவிட்டது. அதன்பின் பத்து வருடம் வரை கிட்டத்தட்ட தட்டையாகவே போனது. அதாவது, ஐந்தில் ஒருவர் மூன்று வருடத்தைத் தாண்டிவிட்டால், பிறகும் வாழ்ந்துகொண்டே இருக்கிறார். இப்படிப் பிழைத்த ஒரு இளம்பெண்ணை ஸ்லோன் கெட்டரிங்கில் டாக்டர் ஒருவர் ஆலிசனுக்கு அறிமுகம் செய்து வைத்தார். அந்தப் பெண் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆலிசன் அழுதுவிட்டார். எலிக்கூண்டுகளோடு வருடக்கணக்கில் இருந்த மனிதர் இல்லையா, தன் மருந்தால் பிழைத்த ஆளை நேரில் பார்த்தது அப்போதுதான்.

இதே நேரத்தில் ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோ என்ற விஞ்ஞானி இன்னொரு பிரேக்கைக் கண்டுபிடித்திருந்தார். 1992-இல் கண்டது, பெயர் பி.டி-1. அதைத் தடுக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்துகள் 2014-இல் வந்தன. நுரையீரல், சிறுநீரகம் என்று பல கேன்சருக்கு இன்று பயன்படுகின்றன. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2015 ஆகஸ்டில், தன் மெலனோமா மூளைக்குப் பரவிவிட்டது என்று அறிவித்தார். அப்போது வயது 90. அறுவை, கதிர்வீச்சு, கூடவே பெம்ப்ரோலிசுமாப். டிசம்பரில் ஸ்கேனில் கேன்சர் தெரியவில்லை. 100 வயதைத் தொட்டுவிட்டு 2024 டிசம்பரில்தான் காலமானார். இப்பிலிமுமாப்பையும் நிவோலுமாப்பையும் சேர்த்துக் கொடுத்த மெலனோமா சோதனையில், பத்து வருடம் கழித்தும் 43 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். 2018-இல் ஆலிசனும் ஹோன்ஜோவும் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். இந்த பிரேக்குகளுக்குத்தான் "செக்பாயின்ட்" என்று பெயர். பேண்ட் பெயர் இப்போ புரிஞ்சுதா?

இனி கசப்பான பகுதி. பிரேக்கை விட்டால், டி-செல்கள் கேன்சரை மட்டும்தான் அடிக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. குடல், கல்லீரல், ஹார்மோன் சுரப்பிகள் எதையும் தாக்கலாம். அந்த 676 பேர் சோதனையிலேயே, மருந்துகள் காரணமான சாவு 14. எல்லாக் கேன்சருக்கும் இது வேலை செய்வதும் இல்லை. வேலை செய்யும் கேன்சரிலும் எல்லாருக்கும் இல்லை. யாருக்குச் செய்யும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் இன்றும் ஆய்வு. கோலிக்கு இருந்த அதே கேள்வி, இப்போ கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தோட.

அடுத்தது பணம். இப்பிலிமுமாப் அமெரிக்காவில் வந்தபோது நான்கு ஊசிக்கு விலை 1,20,000 டாலர். நம்ம ஊர்ல ஒரு வீட்டையே வித்தாலும் பத்தாது. இங்கேதான் மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஒரு நல்ல கேள்வியைக் கேட்டார்கள். நிவோலுமாப் வழக்கமாக ஒரு தடவைக்கு 240 மில்லிகிராம். இவ்வளவு தேவையா? முற்றிய வாய், தொண்டைக் கேன்சர் உள்ள 151 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். எல்லாருக்கும் குறைந்த செலவு மாத்திரைகள். ஒரு பிரிவுக்கு மட்டும் கூடவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். ஒரு வருடத்துக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை மட்டும் சாப்பிட்ட பிரிவில் 16.3 சதவீதம், மருந்தும் பெற்ற பிரிவில் 43.4 சதவீதம். முழு டோஸோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனை இல்லை இது. ஆனால் ஒன்றுமே வாங்க முடியாத ஆளுக்கு இந்தச் சின்ன டோஸ் பெரிய வித்தியாசம். புகையிலையும் பாக்கும் வாயை அரிக்கிற நம்ம நாட்டில் இது சாதாரண விஷயமே இல்லை.

அதனால வீட்டுல யாருக்காவது கேன்சர்னு வந்தா, "இம்யூனோதெரபி உண்டாமே"ன்னு ஃபார்வர்டு மெசேஜை நம்பி நகையை அடகு வைக்க ஓடாதீங்க. "காசு இல்ல, நமக்கு இது கிடைக்காது"ன்னு கேக்காமலும் விட்டுடாதீங்க. டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க: இந்த வகைக் கேன்சருக்கு இது வேலை செய்யுமா? அதைத் தெரிஞ்சுக்க டெஸ்ட் இருக்கா? குறைஞ்ச டோஸ்லயோ ஏதாவது சோதனையிலோ சேர வழி இருக்கா? பதில் "இல்ல"ன்னுகூட வரலாம். ஆனா கேட்டுத் தெரிஞ்சுக்கிறது வேற.

அடுத்த எபிசோட்ல ஹோன்ஜோ கதையைத் தனியா, முழுசா பேசலாம். அதுவரைக்கும், பார்த்துப் போங்க.